இறந்தவளுக்குப் பதினெட்டு வயது

அத்தியாயம் – 11

போன வாரம் பெரியவளை ஒரு பழைய பதிவேட்டின் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அவள் அங்கேயேதான் நிற்கிறாள். உடம்பு வீட்டுக்கு வந்தது, சாப்பிட்டது, தூங்கியது. மனசு மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு நகர மறுத்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பெரியவள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இரண்டாம் ஜன்னல் எழுத்தர். முப்பத்தொரு வயது. அப்பா கண்ணாடிக் கடைக்காரர். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, படத்துக்குச் சட்டம், எல்லாம் அவர் கைவேலை. அவருக்கு ஐந்தும் பெண். நடுவில் இரண்டு பேர் எட்டாவதோடு நிறுத்தப்பட்டு, கட்டிக்கொடுக்கப்பட்டு, ஆளுக்கொரு ஊரில் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இருக்கிறார்கள். நாலாவது, இரண்டு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அது போய் இரண்டு மாதத்தில் ஐந்தாவது பிறந்தது. அதுதான் பொடிசு.

அந்தச் சாவையும் யாரும் பதியவில்லை, இந்தப் பிறப்பையும் யாரும் பதியவில்லை. நாலாவதின் பெயரும் பிறப்புச் சான்றிதழும் அப்படியே ஐந்தாவதுக்கு வந்துவிட்டன, அக்கா போட்ட சட்டை தங்கைக்கு வருகிற மாதிரி. பெயர் வந்தது பெரியவளுக்குத் தெரியும்; பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் வயதையும் தேதியையும் மாற்றிச் சொன்னார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சான்றிதழும் சேர்ந்து வந்தது போன வாரம்தான் தெரிந்தது. தங்கை பிறந்த வருடத்துப் பதிவேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டிப் பார்த்தாள். தங்கை அதில் இல்லை.

ஆக, காகிதத்தின்படி பொடிசுக்குப் போன புதன்கிழமையோடு பதினெட்டு முடிந்துவிட்டது. உண்மையில் அவளுக்குப் பதினாறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அலுமினிய ஜன்னல் கான்ட்ராக்டர் தன் மகனுக்காகக் கல்யாணம் பேசி முடிக்க வருகிறார்.

இன்றைக்கு வியாழன்.

*

கண்ணாடி வெட்டும்போது பேசக் கூடாது என்பார்கள். அப்பா பேசுவார். அவ்வளவு கை சுத்தம்.

"பெரியவளே, சாயந்திரம் வரும்போது அந்த சர்ட்டிபிகேட்டுக்குப் புதுசா ஒரு காப்பி எடுத்துட்டு வந்துடு. பழசு மடிப்புல கிழிஞ்சு தொங்குது. அவங்க வீட்ல ஒண்ணு கேட்டிருக்காங்க."

"எந்த சர்ட்டிபிகேட்?"

"வீட்ல எத்தனை இருக்கு? சின்னவளோடதுதான்."

"அது சின்னவளோடது இல்லப்பா."

வெட்டுக்கத்தி கோட்டின் பாதியில் நின்றது. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. மீதிக் கோட்டையும் இழுத்து முடித்து, அடியில் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது.

"பேப்பர்ல இருக்கறதுதான் வயசு," என்றார்.

"அவளுக்குப் பதினாறுப்பா. பொறந்ததும் நான்தான் கையில வாங்கினேன்."

"நீ கையில வாங்கினது கவர்மென்டுக்குத் தெரியுமா?"

கடைக்காரர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. காரியம் ஆக வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். பாதிக் குடும்பங்கள் இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் குட்டிச்சுவராகின்றன.

"மூணு மாடி ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் வேலை எடுத்திருக்கார் கான்ட்ராக்டர். கண்ணாடி பூரா நம்ம கடைக்குத்தான்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கார். பையன் தங்கம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. பன்னெண்டாவது முடிக்கட்டும்."

"கல்யாணம் பண்ணிக்கிட்டு எழுதட்டுமே. யார் வேண்டாம்னா?"

"நடுவளுக்கும் இதைத்தான் சொன்னீங்க. அவ இப்ப நாலு பிள்ளைக்கு டிபன் கட்டிட்டிருக்கா."

"அவளுக்கென்ன குறை?"

பெரியவள் ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டாள். நடுவளுக்கு என்ன குறை என்று நடுவளுக்கே இப்போது சொல்லத் தெரியாது. அதுதான் குறை.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுதான் வீடு. சுவரோரம் சாத்தி வைத்த கண்ணாடிகளில் ஒவ்வொருவரும் நாலைந்து பேராகத் தெரிவார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து படச் சட்டங்களின் முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். "டீ ஆறுது," என்றாள். பதினாறு வருடமாக இந்த விஷயத்தில் அம்மாவின் கட்சி அதுதான்.

பொடிசு ஒரு தாளை அப்பாவின் மேஜையில் வைத்தாள். ஆறடிக் கண்ணாடியில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்று அவள்தான் படம் போட்டுக் கொடுப்பாள். அவள் போட ஆரம்பித்த பிறகு கடையில் சில்லுத் தொட்டி நிறைவதே இல்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதை யாருப்பா போடுவா?" என்று கேட்டாள்.

"போன்ல அனுப்பு," என்றார் அப்பா.

பொடிசு சிரித்துவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியவளிடம் மெல்லச் சொன்னாள்: "ஒரு வாரம் முன்னாடியா இருந்தா போலீஸுக்கு போன் பண்ணியிருப்பேன் அக்கா. பதினெட்டு ஆயிடுச்சே. சட்டமும் கையை விரிச்சிடுச்சு."

அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதே இல்லை. பெரியவளுக்குத் தொண்டைவரை வந்தது, வாசலில் வைத்துச் சொல்கிற விஷயமா அது?

*

இரண்டாம் ஜன்னலுக்கு உலகம் பெயர்களாகத்தான் வரும்.

மனைவியைச் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த டாக்ஸிக்காரரின் பெயரை மகனுக்கு வைத்தவர் ஒருவர். டாக்ஸிக்காரரையும் கூடவே கூட்டிவந்திருந்தார். அந்த ஆள் வெட்கப்பட்டுக்கொண்டு தூரமாக நின்றார். இரண்டு தாத்தாக்களையும் சமாதானப்படுத்த நீளமான பெயராக வைத்துவிட்டு, கட்டங்களுக்குள் அடங்காமல் ஜன்னலிலேயே சண்டை போட்டது ஒரு ஜோடி. "என் பக்கத்துப் பேரைத்தான் வெட்டுவியா?" என்று அவள். "உங்கப்பா பேர் ஏழெழுத்து, அதுக்கு நானா பொறுப்பு?" என்று அவன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஆறாவது குழந்தை, அதுவும் பெண். கையில் அதைப் பொட்டலம் மாதிரி வைத்திருந்தாள்.

"பேர் என்னம்மா?"

"யாரும் யோசிக்கலைங்க. நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுடுங்களேன். முன்னாடி அஞ்சு பேரோட பேரைச் சொல்றேன், அதுல இல்லாததா இருக்கட்டும்."

ஒன்பது வருடத்தில் பெரியவள் இப்படிப் பதினோரு குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். பதினொன்றும் பெண். ஆண் பிள்ளைகள் அந்த ஜன்னலுக்குப் பெயரோடுதான் வருவார்கள்.

"இப்ப வேண்டாம். பேர்க் கட்டத்தைக் காலியா விட்டுப் பதியறேன். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க," என்றாள். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க? அது ஒரு கட்டம் இருக்கு."

"ரெண்டாவது."

எழுதிக்கொண்டாள். பெரியவளின் அம்மா மூன்றாவது வரை. அந்தப் பள்ளிக்கூடம்தான் அம்மா வாழ்க்கையில் அம்மா தனக்காகப் போன இடம். வீட்டில் நிறுத்திவிட்டபோது டீச்சர் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார், இரண்டு முறை. மூன்றாவது முறை கதவைத் திறக்கவில்லை. முதல் மூன்று பெண்களுக்கும் அப்பா வீட்டார் பெயர் வைத்தார்கள். நாலாவதும் பெண் என்றதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அம்மாவுக்கு முதல்முறையாக வாய்ப்புக் கிடைத்தது. அந்த டீச்சரின் பெயரை வைத்தாள். அந்தக் குழந்தை போனபிறகு அம்மா வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. அதனால்தான் பொடிசு வீட்டில் பொடிசு, சின்னவள், ஏய். பெயருக்குரியவளாக அவள் இருப்பது பள்ளிக்கூடத்தில் மட்டும்.

"ஏம்மா, அந்த அட்டவணை ஆச்சா?" பதிவாளர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். சனிக்கிழமை ஏதோ விழாவில் அவர் பேசுகிறார். அதற்காகப் போன வருடத்துப் பிறப்புகளை எல்லாம் தாயின் படிப்பு வாரியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்.

பெரியவள் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பாரு, பாரு! பள்ளிக்கூடமே போகாதவங்களுக்குச் சராசரியா அஞ்சு, அஞ்சரை பிள்ளை. பன்னெண்டாவது முடிச்சவங்களுக்கு ரெண்டு. படி இறங்கற மாதிரி இறங்குது பாத்தியா? 'பெண் கல்வியே மக்கள்தொகைக்குக் கடிவாளம்'னு முடிக்கப் போறேன். எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

நன்றாக இல்லை. யாருக்கு யார் கடிவாளம் போடுவது? ஒரு பெண் கணக்குப் போட ஆசைப்படுகிறாள் என்றால் அதற்காகவே அவளைப் படிக்க விடக்கூடாதா? நாளைக்கு அவள் எத்தனை பெறுவாள் என்று பார்த்துத்தான் பள்ளிக்கூடக் கதவைத் திறக்க வேண்டுமா? இதையெல்லாம் பதிவாளரிடம் கேட்க முடியாது. பெரியவள் ஒப்பந்த ஊழியர். கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். ஒரு கேஸ் வந்திருக்கு..." என்று ஆரம்பித்து, யாருடைய வீடு என்று சொல்லாமல் சொந்த வீட்டுக் கதையைச் சொல்லி முடித்தாள்.

பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படியும் பண்ணுவாங்களா? வழி இருக்கு. பெத்தவங்கள்ல ஒருத்தர் நேர்ல வரணும். மூத்ததோட சாவைத் தாமதப் பதிவா எழுதணும். அப்புறம் சின்னதோட பொறப்பு. ரெண்டு படிவம், ஒரு வாக்குமூலம். அன்னைக்கே ரசீது குடுத்துடலாம். அதைக் காட்டினா கல்யாணம் கில்யாணம் எல்லாம் நின்னுடும்."

பெரியவள் படிவங்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அந்தப் பொண்ணு என்ன படிக்குது?"

"பன்னெண்டாவது சார். பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல்."

"போச்சு. பத்தாவது சர்ட்டிபிகேட் யார் பேர்ல இருக்கு? செத்துப் போனவ பேர்ல. செத்துப் போனவ எப்படிம்மா பரீட்சை எழுத முடியும்? அதை ரத்து பண்ணுவாங்க. பத்தாவது இல்லாம பன்னெண்டாவது ஏது? முதல்லேருந்து எழுத வேண்டியதுதான்."

கல்யாணத்தை நிறுத்தினால் படிப்பு போகும். படிப்பைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டால் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால் படிப்பு போகும். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் போவது ஒன்றுதான்.

"பெத்தவங்க வரலைன்னா? கூடப் பொறந்தவங்க வந்து சொன்னா?"

"செல்லாது. பெத்தவங்க வாயால வரணும்," என்றார் பதிவாளர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "அது சரி, 'கடிவாளம்' நல்லா இருக்கா, 'அணை' நல்லா இருக்கா?"

*

திரும்பி வந்தபோது ஒன்றாம் ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, முறையாக வந்திருந்தார். கொண்டு வந்து தருகிற ரகம் பெரியவள் இல்லை என்று காலையிலேயே எடை போட்டிருக்கிறார்.

ஒன்றாம் ஜன்னல்காரருக்கு முத்திரை என்று பட்டப்பெயர். அவர் ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைவரை கேட்கும்.

"என்னம்மா, அப்பா வந்திருக்கார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? வரிசையில நிக்க வெச்சுட்டியே!" என்றார் முத்திரை, முகமெல்லாம் பல்லாக. "தங்கச்சிக்குக் கல்யாணமாமே! சாப்பாடு உண்டுல்ல?"

"ஒரு நிமிஷம் சார், அந்தப் பதிவுல ஒரு சின்ன..."

டொம்.

"என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல சார்."

எல்லோர் எதிரிலும் அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? எங்கப்பா பொய் சொல்கிறார் என்றா? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் அன்று முழுக்க அவளைத் தின்றது, அப்பா மேல் பாதி, தன் மேல் பாதி.

அப்பா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் கீறல் பார்க்கிற அதே பார்வை. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாயந்திரம் சீக்கிரம் வந்துடு," என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

*

மூன்றரைக்கே அனுமதி வாங்கிக்கொண்டு பொடிசின் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். மணி அடித்து, நீலச் சீருடைகள் கொட்டின. பொடிசு கூட்டத்தில் கண்ணுக்கே தெரிய மாட்டாள். எப்போதும் வகுப்பிலேயே சின்னவள், முதல் பெஞ்சு, ஓரம்.

எதிரில் பேருந்து நிறுத்தத்து சிமென்ட் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெரியவள் ஒரே மூச்சில் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

ஒரு பேருந்து வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"அதான் ஒண்ணாவதுல நான் பெஞ்சுலயே தூங்கிடுவேனா?" என்று பொடிசு கேட்டாள்.

"உனக்கு அப்ப நாலு வயசு. மத்தவங்களுக்கெல்லாம் ஆறு."

"பாவாடையெல்லாம் நனைச்சுப்பேன். டீச்சர் எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க, ஆறு வயசுக் கழுதைக்கு இது கூடவா தெரியாதுன்னு. நான் மக்குன்னுதான் நினைச்சேன் அக்கா. ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். அதனாலதான் அப்படிப் படிச்சேன்."

பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். பொடிசு உருவிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும். என்கிட்ட இன்னொருத்தி பேர் இருக்குன்னு உனக்கு எப்பவுமே தெரியும்."

"தெரியும்."

"சொல்லணும்னு ஒரு நாளும் தோணலையா?"

"அம்மா தாங்க மாட்டான்னு..."

"நான் தாங்குவேன்னு நினைச்சியா?"

ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்தி இந்தக் குழந்தையை மடியில் போட்டார்கள். பால் கரைத்து, துணி துவைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்து வளர்த்தது அவள்தான். பத்தாவதைப் பிறகு தனியாக எழுதி முடித்ததோடு சரி; மேற்கொண்டு இவள் படித்தால் தான் படித்த மாதிரி என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். பொடிசுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"பத்தாவது ரத்தாகும்னா ஆகட்டும்," என்றாள் பொடிசு திடீரென்று. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினாறு வயசுல பத்தாவது எழுதறது ஒண்ணும் கேவலம் இல்லையே. ஊர்ல எல்லாரும் அப்பத்தானே எழுதறாங்க. எனக்குப் பாடம் எல்லாம் தெரியும், ஒரு மாசம் போதும். யார் வந்து சொல்லணும்? அப்பா சொல்ல மாட்டார்."

"அம்மா."

"அம்மாவா," என்றாள் பொடிசு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

*

பெரியவள் இரண்டு படிவங்களையும் அம்மா முன்னால் தரையில் வைத்தாள். அம்மா பசைக் கையோடு பார்த்தாள். மூன்றாவது வரை படித்தவள்தானே. 'இறந்தவர் பெயர்' என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். படித்ததும் தாளைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துடு."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம் பேசி முடிக்கப் போறாங்கம்மா. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எடுத்துடுன்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார், நல்ல உற்சாகத்தில். சான்றிதழைக் கான்ட்ராக்டர் கையிலேயே கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்திருந்தார். தரையில் கிடந்த தாள்களைக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"எல்லாத்துக்கும் உங்க சோம்பேறித்தனம்தான்பா காரணம்," என்றாள் பெரியவள். ஜன்னலில் விழுங்கியது எல்லாம் இப்போது வந்தது. "செத்த குழந்தையை எழுத ஒரு தடவை, பொறந்த குழந்தையை எழுத ஒரு தடவை. ரெண்டு தடவை நடந்திருந்தா முடிஞ்சிருக்கும். கால் வலிக்குதுன்னு ஒருத்தி வாழ்க்கையைத் தூக்கி இன்னொருத்தி தலையில வெச்சுட்டீங்க."

"சோம்பேறித்தனமா? எனக்கா?" அப்பாவின் குரல் உடைந்தது. "சட்டையை மாட்டிட்டுக் கிளம்பினவன்டி நான். வாசல் வரைக்கும் போயிட்டேன். என் காலைக் கட்டிக்கிட்டு விடாதவ யாருன்னு உங்கம்மாவைக் கேளு."

பெரியவள் திரும்பினாள்.

"ஆமா," என்றாள் அம்மா. "நான்தான். போய் எழுதாதீங்கன்னேன்."

"ஏம்மா?"

"எழுதிட்டா போயிடுவாளே. பேப்பர்லயாவது இருக்கட்டும்னு விட்டேன். சின்னது பொறந்ததும் அந்தப் பேரையே கொடுங்கன்னு சொன்னதும் நான்தான். அவ பேரைச் சொல்லி பள்ளிக்கூடத்துல தினம் கூப்பிடுவாங்க, இல்ல? வருஷா வருஷம் மார்க் அட்டை வரும், அவ பேர் போட்டு. எல்லாத்தையும் பெட்டியில வெச்சிருக்கேன். ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு ஏறிக்கிட்டே போனா. நான் மூணாவதுல நின்னேன், அவ நிக்கலை. பத்தாவது பாஸ் பண்ணா."

"அவ பண்ணலைம்மா." வாசற்படியில் பொடிசு நின்றிருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. "நான் பண்ணேன்."

அம்மா அவளைப் பார்த்தாள்.

"பெஞ்சுல தூங்கினது நான். அடி வாங்கினது நான். விடியக்காலையில எழுந்து படிச்சது நான். முதல் மார்க்குன்னு வந்து சொன்னப்ப நீ அழுதே. எனக்காக அழறேன்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை யாரைக் கட்டிக்கொடுக்கப் போறீங்க? பதினெட்டு ஆனது அவளுக்குத்தானே. அவளைக் கூப்பிட்டு உக்கார வைங்க."

"ஏய், வாயை அடக்கு," என்றார் அப்பா. வேகமில்லாமல் சொன்னார்.

அம்மா பசைக் கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தாள்.

"உங்க ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று பெரியவளைக் கேட்டாள்.

"பத்து."

"நான் வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" அப்பா கத்தினார். "இப்பத்தான் அவர் கையில குடுத்துட்டு வரேன். நாளைக்கு நீ போய் அது செத்தவ பேப்பர்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்? போலீஸ் என்னைத்தான்டி முதல்ல கூப்பிடும்!"

"கூப்பிடட்டும். நானும் வரேன்."

அப்பா அங்கே நிற்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். "பத்து மணிக்குத்தானே திறப்பாங்க. அதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கான்ட்ராக்டர் வீட்டுப் பக்கம் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது.

பொடிசு எதையும் காதில் வாங்காதவள் போல அம்மா எதிரில் உட்கார்ந்து முதல் படிவத்தை எடுத்துக்கொண்டாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். பெயரை அம்மா சொன்னாள், பதினாறு வருடத்துக்குப் பிறகு, சுத்தமான உச்சரிப்பில். இறந்த தேதி சொன்னாள். கிழமை சொன்னாள். நேரம் காலை நாலு மணி பத்து நிமிடம் என்றாள். அந்தப் படிவத்தில் கேட்காததையும் சொன்னாள். கடைசியாகக் குடித்தது இரண்டு கரண்டி தண்ணீர், போட்டிருந்தது மஞ்சள் சட்டை.

பொடிசு அதை மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். பிறப்புப் படிவம்.

"பேர் கேட்டிருக்கு."

அம்மா மடித்து வைத்த முதல் படிவத்தைப் பார்த்தாள். "என்கிட்ட இருந்தது அந்த ஒரு பேர்தான். அது அவளுக்குப் போயிடுச்சு. நீ படிச்சவ, உனக்கு நீயே ஒண்ணு வெச்சுக்கோ."

"பேர்க் கட்டம் காலியா இருந்தாலும் பதிவாங்க," என்றாள் பெரியவள் அவசரமாக. "அதை அப்புறம் பாத்துக்கலாம்."

பொடிசு தலையசைத்தாள். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"பொறந்த தேதி," என்றாள். "என்னைக்கும்மா?"

அம்மா விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டாள். பெரியவளைப் பார்த்தாள்.

துக்கம் நடந்த வீட்டில் அப்போது யாரும் நாட்களை எண்ணவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, மத்தியான நேரம், துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், அதுவரை பெரியவளுக்கு நினைவிருந்தது. என்ன தேதி? என்ன கிழமை? அதற்குப் பிறகு இத்தனை வருடமும் பொடிசுக்குப் பிறந்த நாள் என்று கொண்டாடியது மற்றவளின் தேதியைத்தான். தேதிக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தை வாங்க மாட்டார்கள். ஒன்பது வருடமாக எத்தனையோ பேருக்கு அதைத் திருப்பிக் கொடுத்து, "தேதி தெரியாம எப்படிங்க வந்தீங்க?" என்று கேட்டவள் அவள்தான்.

பொடிசு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள," என்றாள், "உங்கள்ல யாராவது ஒருத்தர் என்னை ஞாபகப்படுத்திக்கோங்க."